மகளின் பயிற்சிக்குப் பழைய செஸ் கம்ப்யூட்டர்: எப்படிப் பயன்படுத்துவது?

செக்கானூரணி அப்பா:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். குறுவட்டப் போட்டியில் முதலிடம் வந்தாள். மாவட்டப் போட்டிக்கு மதுரைக்கு அழைத்துச் சென்றேன், அங்கே தொடக்கச் சுற்றுகளிலேயே அடி வாங்கினாள். தோற்றதுகூடப் பெரிதில்லை. ஒரு ஆட்டத்தில் யானையும் ஒரு சிப்பாயும் அதிகம் வைத்திருந்தவள், அதை முடிக்கத் தெரியாமல் டிரா செய்துவிட்டு வந்து அழுதாள். எங்கள் ஊரில் அவளுக்கு ஈடாக ஆட ஆளில்லை. வாரம் ஒருமுறை மதுரைக்குக் கூட்டி வரலாம், அதற்கு மேல் என் வேலை இடம் தராது.

என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அங்கே பழைய சாமான் கடையில் வாங்கிய எலக்ட்ரானிக் செஸ் பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். ஹாங்காங்கில் தயாரானது என்று அடியில் இருக்கிறது. காயை எடுக்கும் கட்டத்தில் ஒருமுறை அழுத்தி, வைக்கும் கட்டத்தில் ஒருமுறை அழுத்தினால் 'பீப்' என்று ஒலிக்கிறது. தன் முறை வந்ததும் பலகையின் ஓரத்தில் வரிசைக்கு ஒன்றும் நெடுவரிசைக்கு ஒன்றுமாக இரண்டு சிவப்பு விளக்குகளை எரிய விடுகிறது. இரண்டும் சந்திக்கும் கட்டத்துக் காயை அதற்காக நாம்தான் நகர்த்த வேண்டும். விளக்கக் கையேடு இல்லை.

கீழ் நிலைகளில் மகள் சுலபமாக ஜெயிக்கிறாள். மேல் நிலைகளில் அடித்து நொறுக்கிவிடுகிறது. இதில் தினமும் ஆடினால் ஆட்டம் தேறுமா, அல்லது இது வெறும் விளையாட்டுச் சாமானா? கைப்பேசியை அவள் கையில் கொடுப்பதாக இல்லை. அது வீட்டில் பேசி முடித்த விஷயம், தயவுசெய்து அதைக் கிளப்ப வேண்டாம்.

கீழவாசல் யானை:

விளையாட்டுச் சாமான் இல்லை ஐயா, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1977இல் அமெரிக்காவின் ஃபிடெலிட்டி நிறுவனம் 'செஸ் சேலஞ்சர்' என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்து சுமார் பதினைந்து ஆண்டுகள் இந்தப் பலகைகளின் காலம். ஹாங்காங்கில் நோவாக், சைடெக், ஜெர்மனியின் மியூனிக் நகரில் மெஃபிஸ்டோ. மெஃபிஸ்டோவுக்கு நிரல் எழுதிய ரிச்சர்ட் லாங் என்ற ஆங்கிலேயர் 1980களின் நடுப்பகுதியிலிருந்து மைக்ரோ கம்ப்யூட்டர்களுக்கான உலகப் பட்டத்தைத் தொடர்ந்து தட்டிச் சென்றார். அவருடைய 'செஸ் ஜீனியஸ்' 1994இல் லண்டன் ரேபிட் போட்டியில் உலகச் சாம்பியன் காஸ்பரோவையே வெளியேற்றியது. அது ஓடியது மேசைக் கணினியில்தான், ஆனாலும் ஐபிஎம்மின் டீப் புளூ கணினி அவரை வெல்வதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு! நான் வங்கியில் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு பலகை வாங்குவதற்காக ஒரு போனஸ் முழுவதையும் தாரை வார்த்தேன். வீட்டில் இன்றும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிலை என்றால் பெரும்பாலும் நேரம்தான். இந்த நிலையில் ஒரு நகர்வுக்கு ஐந்து வினாடி, அடுத்ததில் பத்து வினாடி என்று போகும். நேரத்தை இரட்டிப்பாக்கினால் எந்திரம் இரண்டு மடங்கு பலம் பெற்றுவிடாது. பலகையில் காய்கள் நிற்கும் ஓர் அமைப்பில் சராசரியாக முப்பது முப்பத்தைந்து நகர்வுகள் சாத்தியம். தேவையற்ற கிளைகளை வெட்டிவிட்டாலும், ஒரே ஒரு நகர்வு கூடுதல் ஆழம் போவதற்கு ஐந்தாறு மடங்கு நேரம் பிடிக்கும். அதனால் பக்கத்துப் பக்கத்து நிலைகளுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது, திடீரென்று ஓரிடத்தில் மட்டும் தாவும். உங்கள் மகள் அந்தத் தாவலில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்று: 'ஈஸி' என்று ஒரு பொத்தான் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். போடாவிட்டால், அவள் யோசிக்கும் நேரத்திலும் அது சேர்த்து யோசித்துக்கொண்டிருக்கும்.

ஒன்பதாவது வரிசை:

கைப்பேசியைப் பற்றிப் பேசக் கூடாது என்கிறீர்கள், ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரல் இலவசம். ரேட்டிங்கில், அதாவது ஆட்டப் பலத்தைக் காட்டும் எண்ணில், உலகச் சாம்பியனைவிடப் பல நூறு புள்ளிகள் பலமானது. லிச்செஸ் தளத்தில் புதிர்களும் இலவசம், விளம்பரம்கூட இல்லை. இவ்வளவும் இருக்கும்போது நாற்பது ஆண்டுக்கு முந்தைய 8 பிட் செயலியோடு குழந்தையை மல்லுக்கட்ட விடுவது அவள் நேரத்துக்குச் செய்கிற அநியாயம்.

அந்தப் பெட்டிகளின் கீழ் நிலைகள் இன்னும் மோசம். நாலு நகர்வு நன்றாக ஆடிவிட்டு ஐந்தாவதில் ராணியைச் சும்மா கொடுக்கும். மனிதர் யாரும் அப்படித் தவறு செய்வதில்லை. இந்தக் குறைக்காகவே கார்னெல், டொரண்டோ பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து 2020இல் 'மாயா' என்ற நிரலை உருவாக்கின. 1100 முதல் 1900 வரை ரேட்டிங் உள்ள ஆட்டக்காரர்களின் உண்மையான ஆட்டங்களைக் கொடுத்துப் பழக்கியது. அந்தந்த நிலையில் மனிதர் செய்கிற தவறையே அதுவும் செய்யும். அதை லிச்செஸ் தளத்தில் ஆடிப் பார்க்கலாம்.

செக்கானூரணி அப்பா:

தம்பி, உங்கள் அக்கறைக்கு நன்றி. கைப்பேசி கிடையாது.

திருநகர்க் கிழவன்:

பலகையும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். எந்திரத்துக்கு வியர்க்காது. கடிகாரத்தில் இரண்டு நிமிடம் இருக்கும்போது எதிரே இருப்பவன் கையைப் பிசைகிறானா, உதட்டைக் கடிக்கிறானா என்று பார்க்கப் பழக வேண்டும். பொய்யான பலியை முகத்தில் ஒன்றும் காட்டாமல் கொடுக்கத் தெரிய வேண்டும். அதையெல்லாம் எந்தப் பெட்டி சொல்லிக்கொடுக்கும்? எங்கள் காலத்தில் தமுக்கம் பக்கத்துத் திண்ணைகளில் பீடிப் புகைக்கு நடுவே உட்கார்ந்து ஆடினோம். 1961இல் மானுவேல் ஆரோன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனபோது எந்தக் கம்ப்யூட்டர் இருந்தது?

ஒன்பதாவது வரிசை:

எட்டாம் வகுப்புப் பெண்ணைப் பீடிப் புகைக்கு நடுவே உட்கார வைக்கச் சொல்கிறீர்களா ஐயா?

திருநகர்க் கிழவன்:

பீடியைக் கழித்துக்கொள்ளுங்கள். மற்றதற்குப் பதில் சொல்லுங்கள்.

நத்தம் ரோடு டீச்சர்:

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். கேட்டவர் கேட்டது வேறு.

ஐயா, உங்கள் முதல் பதிவில் முக்கியமான வரி ஒன்று இருக்கிறது. யானையும் சிப்பாயும் அதிகம் வைத்திருந்து டிரா செய்துவிட்டு வந்தாள் என்றீர்களே, அதுதான் நோய். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். குறுவட்டத்தில் ஜெயித்து மாவட்டத்தில் தோற்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இதே கதைதான். பள்ளியில் எதிராளி பத்தாவது நகர்வில் ராணியைக் கொடுத்துவிடுவான், ஆட்டம் முடிந்துவிடும். கடைசிக் கட்டம் வரை போய் ஆடிய அனுபவமே அவர்களுக்குக் கிடைப்பதில்லை. மாவட்டத்தில் யாரும் ராணியைக் கொடுப்பதில்லை.

அதனால் அந்தப் பலகையில் முதல் நகர்விலிருந்து முழு ஆட்டம் ஆடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். நாம் விரும்பும் காய் நிலையை அடுக்கிக்கொள்ளப் பெரும்பாலான பலகைகளில் வழி இருக்கும். 'செட் அப்' என்றோ 'பொசிஷன்' என்றோ ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அழுத்திப் பலகையைத் துடைத்துவிட்டு, காய்களை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். ஜெயித்தே தீர வேண்டிய ஒரு நிலையை வைத்து, ஜெயிக்கும் பக்கத்தை மகளிடம் கொடுங்கள். எந்திரத்தை அது எட்டக்கூடிய மிக உயர்ந்த ஆட்டப் பலத்தில் போடுங்கள். இங்கே அது பலமாக இருப்பது நல்லது. அதற்குத் தோற்றே ஆக வேண்டிய வேலையைத்தான் கொடுத்திருக்கிறோம், எவ்வளவு முடியுமோ அவ்வளவு முரண்டு பிடிக்கட்டும்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ராணியும் ராஜாவும் வைத்து மேட். பிறகு யானையும் ராஜாவும். பிறகு ராஜாவும் ஒற்றைச் சிப்பாயும்: ஆப்போசிஷன் (ராஜாக்கள் ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நிற்க, நகர வேண்டிய முறை எதிராளிக்கு வருவது) பிடிக்கத் தெரிந்தால் ஜெயிக்கும், தெரியாவிட்டால் டிரா. இவை மூன்றும் கைவந்த பிறகு லூசெனா நிலை, அதாவது யானையும் சிப்பாயும் வைத்து ஒற்றை யானையை ஜெயிக்கும் பாடம்.

லூசெனாவை இங்கேயே எழுதிவிடுகிறேன் (எழுத்து நெடுவரிசை, எண் வரிசை). வெள்ளை ராஜா டி8, சிப்பாய் டி7, யானை எஃப்1. கறுப்பு ராஜா ஜி7, யானை சி2. வெள்ளையின் முறை. சிப்பாய் ராணியாக இன்னும் ஒரே கட்டம்தான், ஆனால் வழியில் நிற்பது சொந்த ராஜா. ராஜா வெளியே வந்தால் கறுப்பு யானை பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருக்கும். வழியை நான் சொல்ல மாட்டேன். அவளே முட்டி மோதட்டும். உங்களுக்கும் தெரியாதென்றால் இன்னும் நல்லது.

எச்சரிக்கை ஒன்று. நகர்வைத் திரும்பப் பெறும் பொத்தான் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். குறிப்புக் கொடுக்கும் பொத்தான் மேலும் ஒட்டுங்கள்.

கீழவாசல் யானை:

டீச்சர் சொன்னதை நூற்றுக்கு நூறு ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும். பழைய எந்திரம் எல்லா முடிவாட்டத்திலும் நல்ல எதிராளி இல்லை. அதற்கு ஒரு தொடுவானம் உண்டு. தான் கணக்குப் போடும் ஆழத்துக்கு அப்பால் நடப்பது எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒரு விசித்திரம் நடக்கும், கவனித்துப் பாருங்கள்.

ராணியை இழக்கப் போகிறது, தப்பிக்க வழியில்லை என்று வையுங்கள். மனிதராக இருந்தால் இழப்பை ஏற்று, பதிலுக்கு எதைப் பிடுங்கலாம் என்று பார்ப்பார். எந்திரமோ சம்பந்தமே இல்லாமல் ஒரு சிப்பாயைக் கொடுத்துச் செக் வைக்கும். நாம் எடுப்போம். மறுபடி ஒரு குதிரையைக் கொடுத்துச் செக் வைக்கும். அதையும் எடுப்போம். ஒவ்வொரு செக்கும் ராணியின் இழப்பை இரண்டு நகர்வு தள்ளி வைக்கிறது. தள்ளி வைத்தது அதன் கணக்கின் எல்லைக்கு வெளியே போய்விட்டால், இழப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடும். கடைசியில் ராணியும் போகும், குதிரையும் சிப்பாயும் கூடப் போயிருக்கும். இரவு பதினொரு மணிக்கு அந்தக் கூத்தைப் பார்த்துத் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

ஆக, எந்திரம் ஏன் இப்படி ஆடியது என்று மகள் கேட்டால், அதில் ஆழ்ந்த திட்டம் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள விடாதீர்கள். பல சமயம் ஒன்றும் இருக்காது. மந்திரியும் குதிரையும் வைத்து மேட் போடுவதையும் அதனிடம் கற்க வேண்டாம். பழைய எந்திரங்கள் பலவற்றுக்கு அதுவே தெரியாது.

செக்கானூரணி அப்பா:

டீச்சர் அம்மாவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. நிலை அடுக்கும் பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டோம். காயின் படம் போட்ட சிறு பொத்தான்கள் எதற்கு என்று இப்போதுதான் புரிந்தது.

ஆனால் வேறொரு தொல்லை. பேட்டரிக் கட்டைகள் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன. பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு மூலையில் கம்பிச் சுருளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. மைத்துனர் கொடுத்த பையில் அடாப்டர் ஒன்றும் இருக்கிறது. அது இந்தப் பலகைக்குரியதா என்று அவருக்கே தெரியவில்லை. செருகிப் பார்க்கலாமா?

பஜார் சால்டரிங்:

செருகாதீர்கள்! கையை எடுங்கள்!

மீனாட்சி பஜார் பக்கம் ரிப்பேர் வேலை செய்கிறவன் நான். இந்த மாதிரிப் பலகைகள் அபூர்வமாகத்தான் வரும், வருகிறவற்றில் முக்கால்வாசி தவறான அடாப்டரால் செத்தவை. மூன்று விஷயம் பாருங்கள். முதலில் அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் உள்வாங்கும் மின்னழுத்தம். அது 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் அமெரிக்கச் சரக்கு, நம் 230 வோல்ட்டில் செருகிய உடனே புகை வரும். சிங்கப்பூர் சரக்கென்றால் பெரும்பாலும் நம்முடையது போலவே இருக்கும், ஆனாலும் பாருங்கள்.

இரண்டாவது, வெளியே கொடுக்கும் மின்னழுத்தம். பலகையின் அடியில் ஒட்டியிருக்கும் வில்லையில் எவ்வளவு கேட்கிறதோ அதுவேதான் வேண்டும்.

மூன்றாவதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். உருண்டைப் பின்னின் நடுப்பகுதி பாசிட்டிவா நெகட்டிவா என்பது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். பலகையின் மேலும் அடாப்டரின் மேலும் ஒரு சிறு வட்டப் படம் இருக்கும், இரண்டு பக்கமும் கோடு இழுத்துக் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போட்டிருப்பார்கள். இரண்டு படமும் ஒன்றாக இருந்தால் மட்டும் செருகலாம். பலகையில் படமே இல்லையென்றால் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கும் ஒருவரிடம் கொடுங்கள். ஊகத்தில் செய்யாதீர்கள், உள்ளே இருக்கும் சிப்புக்கு இன்று உதிரி கிடைக்காது.

பூத்திருப்பது கட்டை கசிந்தது. அல்கலைன் கட்டை என்றால் அது காரம். பஞ்சுக் குச்சியில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஒரு சொட்டு தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கரையும். பிறகு ஈரத்துணியில் துடைத்து, நன்றாகக் காய விட்டு, நைஸ் உப்புத்தாளில் கம்பியை லேசாகத் தேயுங்கள். சாறு பலகைக்குள் வழியக் கூடாது, கண்ணிலும் விரலிலும் அந்தத் தூள் படக் கூடாது. மறுபடி ஆடாமல் எடுத்து வைக்கும்போது கட்டைகளைக் கழற்றிவிடுங்கள். புதுக் கட்டையும் பழைய கட்டையும் கலந்து போடாதீர்கள்.

திருமங்கலம் நைட் ஷிஃப்ட்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நானும் இப்படி ஒரு பலகை வாங்க நினைக்கிறேன். பழையது கிடைக்கவில்லை. புதிதாக வாங்கினால் எது? நாள் முழுவதும் திரையைப் பார்க்கும் வேலை, வீட்டிலும் திரையில் ஆட மனமில்லை.

ஒன்பதாவது வரிசை:

புதிய பலகைகளில் காயை அழுத்த வேண்டியதில்லை, வைத்தாலே உணர்ந்துகொள்ளும். நெதர்லாந்தின் டிஜிடி நிறுவனத்தின் சென்டார், ஆடுகிறவரின் பலத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். கட்டத்திலேயே விளக்கு எரியும், மின்தாள் திரைதான், கண்ணை உறுத்தாது. ஜெர்மனியின் மில்லெனியம் நிறுவனம் யானை ஐயா சொன்ன ரிச்சர்ட் லாங்கின் செஸ் ஜீனியஸ் நிரலையே பலகைக்குள் வைத்து விற்கிறது. மும்பைக்காரர்கள் உருவாக்கிய ஸ்கொயர் ஆஃப் பலகையில் காய் தானாகவே நகரும். அடியில் காந்தம் ஓடுகிறது, பார்க்க மாயாஜாலம் மாதிரி இருக்கும். ஆனால் அதற்குக் கைப்பேசி இணைப்பு வேண்டும்.

விலையைக் கேட்டால் மயக்கம் வரும். இறக்குமதி வரியும் சேரும். அந்தக் காசுக்கு ஒரு வருடம் நல்ல பயிற்சியாளர் வைக்கலாம் என்பது என் கட்சி. திரை வேண்டாம் என்பதுதான் உங்கள் கட்டாயம் என்றால் சென்டார். காய் நகர்வதைப் பார்த்து ரசிப்பது முக்கியம் என்றால் ஸ்கொயர் ஆஃப். அது பயிற்சியா என்று கேட்காதீர்கள்.

நத்தம் ரோடு டீச்சர்:

திரை வேண்டாம் என்பதில் இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பெற்றோர் கவனிப்பதில்லை. கைப்பேசியில் மட்டுமே ஆடிப் பழகிய பிள்ளையை உண்மைப் பலகையின் முன் உட்கார வைத்தால் மூலைவிட்டம் கண்ணில் படாது. திரையில் பலகையை மேலிருந்து பார்க்கிறான், போட்டியில் பக்கவாட்டில் பார்க்கிறான். சிப்பாய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மந்திரி தெரியாது. ஒன்பதரை சென்டிமீட்டர் ராஜா நிற்கும் போட்டிப் பலகையில் கை நீட்டி எடுத்து வைத்து ஆடிப் பழகியவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்ற விதியும் விரலில் ஏற வேண்டும். திரையில் தொட்டுவிட்டு விடலாம், நடுவர் முன்னால் விட முடியாது.

செக்கானூரணி ஐயா, உங்கள் பலகையின் காய்கள் சிறியவையாக இருந்தால் பக்கத்தில் போட்டிப் பலகை ஒன்றை விரித்து, ஒவ்வொரு நகர்வையும் அதிலும் ஆடச் சொல்லுங்கள். யோசிப்பது பெரிய பலகையைப் பார்த்து. எந்திரம் பதில் சொல்வதற்கு மட்டும். நகர்வுகளைக் குறிப்பேட்டில் எழுதவும் பழகட்டும், மாவட்டத்துக்கு மேலே எழுதாமல் முடியாது.

திருநகர்க் கிழவன்:

இந்த அம்மா சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். குகேஷ் எப்படி வளர்ந்தார்? என்ஜினை, அதாவது செஸ் ஆடும் கணினி நிரலை, தொடாமல் வளர்ந்தார் என்று அவருடைய பயிற்சியாளரே சொல்லியிருக்கிறாரே!

கீழவாசல் யானை:

ஆமாம், விஷ்ணு பிரசன்னா அதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ 2500 ரேட்டிங்கை எட்டும் வரை குகேஷுக்கு என்ஜின் கிடையாது. 2019 ஜனவரியில் பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை 7.5-6.5 என்று வென்று பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனார்.

ஆனால் அவர் தவிர்த்தது எதை? தன் ஆட்டத்தை என்ஜினிடம் கொடுத்து, எது சரி எது தவறு என்று அது சொல்வதைக் கேட்டுக்கொள்வதை. விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிற பிள்ளைக்குக் கணக்கு வராது என்பதுதான் அதன் காரணம். செக்கானூரணிப் பலகை அந்த வேலையைச் செய்வதே இல்லை. உன் நகர்வு தவறு என்று அது சொல்லாது. தண்டிக்கும், அவ்வளவுதான். ஏன் தண்டனை கிடைத்தது என்பதை நாம்தான் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும். கைப்பேசி என்ஜினுக்கும் இதற்கும் நடுவே நான் பார்க்கும் பெரிய வித்தியாசம் பலத்தில் இல்லை, இந்த வாய் திறவாமையில்தான்.

ஒன்பதாவது வரிசை:

அதை என்னால் மறுக்க முடியவில்லை. கைப்பேசியிலும் யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் மதிப்பீட்டுக் கோட்டினை மறைத்துவிட்டு ஆடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். யார் மறைத்து வைக்கிறார்கள்? நானே வைப்பதில்லை.

எனினும் பெட்டியின் மேல் 2000 என்று அச்சடித்திருந்தால் நம்பாதீர்கள். விற்பதற்காகப் போட்ட எண். அந்த நிலையில் ஜெயித்துவிட்டாள், நம் பிள்ளைக்கு ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் 2000 வந்துவிடும் என்று கணக்குப் போட்டு ஏமாந்த பெற்றோர் உண்டு. 2024 மார்ச்சிலிருந்து ஃபிடே பட்டியலின் அடித்தளமே 1400. முதலில் அதற்குள் நுழைய வேண்டும். அதற்கு மனிதர்களோடு போட்டியில்தான் ஆட வேண்டும், இதில் திருநகர் ஐயாவோடு நானும் ஒத்துப்போகிறேன்.

திருநகர்க் கிழவன்:

நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

செக்கானூரணி அப்பா:

தாமதமாக எழுதுகிறேன், களை எடுக்கும் வேலை இருந்தது.

சால்டரிங் தம்பி சொன்னபடி அந்த வட்டப் படத்தைப் பார்த்தோம். பலகையில் நடுவில் கூட்டல், அடாப்டரில் நடுவில் கழித்தல். செருகியிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். எலுமிச்சைச் சாற்றில் கம்பி பளபளவென்று ஆகிவிட்டது. இப்போது கட்டையில்தான் ஓடுகிறது.

ராணி மேட், யானை மேட் இரண்டும் அவளுக்கு முன்பே ஓரளவு தெரியும். சிப்பாய் ஆட்டத்தில் தடுமாறித் தேறினாள். லூசெனாவில்தான் ரகளை. ராஜாவை ஈ7இல் வைத்தாள், எந்திரம் ஈ2இல் யானையை வைத்துச் செக். டி6 போனாள், டி2இல் செக். ஈ6, மறுபடி செக். அவள் முன்னும் பின்னும் நடக்க, அதே நிலை மூன்றாம் முறை வந்து டிரா. எந்திரத்துக்கு அலுப்பே இல்லை, அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. நான் வழி தெரியாதவன் என்பதால் டீச்சர் அம்மா சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருப்பது சுலபமாக இருந்தது.

அடுத்தடுத்த மாலைகளிலும் அதே நிலையை அடுக்கினாள். நேற்று திடீரென்று ராஜாவைத் தொடாமல், யானையை எஃப்1இலிருந்து எஃப்4க்கு ஏற்றினாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு ராஜா வெளியே வந்தது. செக், செக், செக் என்று எந்திரம் துரத்த, ராஜா படிப்படியாக ஐந்தாம் வரிசைக்கு இறங்கி வந்தது. கடைசிச் செக்குக்கு எஃப்4இல் இருந்த யானையை டி4இல் குறுக்கே நிறுத்தினாள்! அதற்கு மேல் எந்திரத்திடம் செக் இல்லை. சிப்பாய் ராணியாவதை அதனால் தடுக்க முடியவில்லை. மிச்சம் இருந்தது ராணி மேட். அதை நிறைய நகர்வுகள் எடுத்துத்தான் முடித்தாள். அம்மாவைச் சமையலறையிலிருந்து இழுத்து வந்து காட்டினாள்.

அடுத்து என்ன வைக்கட்டும்?

நத்தம் ரோடு டீச்சர்:

யானையை நான்காம் வரிசைக்கு ஏற்றும் யோசனை அவளுக்கே வந்ததா! இதை நான் சொல்லிக்கொடுத்திருந்தால் ஒரு மாதத்தில் மறந்திருப்பாள்.

இனி பக்கத்தை மாற்றுங்கள். தோற்கும் பக்கத்தில் உட்கார்ந்து டிரா பிடிக்கப் பழக வேண்டும். அந்த மாவட்டப் போட்டியில் அவளிடம் டிரா பிடித்தவன் செய்தது அதைத்தான். ஃபிலிடோர் நிலை: வெள்ளை ராஜா டி5, சிப்பாய் ஈ5, யானை ஏ7. கறுப்பு ராஜா ஈ8, யானை பி6. முதல் நகர்வு வெள்ளைக்கு, வெள்ளை எந்திரத்துக்கு. அவள் கறுப்பு. ஒரு துப்பு மட்டும் கொடுங்கள்: சிப்பாய் ஆறாம் வரிசைக்கு வரும் வரை அவள் யானை ஆறாம் வரிசையை விட்டு நகர வேண்டியதில்லை. வந்த பிறகு எங்கே போக வேண்டும் என்பது அவள் பாடு.

இதில் எந்திரம் தவறான திட்டத்தோடு சுற்றிச் சுற்றி வரும், யானை ஐயா சொன்ன தொடுவானக் கோளாறு. அதனால் எந்திரத்திடம் டிரா வாங்கிய பிறகு அதே நிலையை என்னோடும் ஆட வேண்டும். சனிக்கிழமை காலை நத்தம் ரோட்டில் என் வகுப்பு, முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அவள் வயதுப் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை வர முடியும் என்றீர்களே, அந்த ஒரு நாளை இதற்கு வையுங்கள். மற்ற நாள்களுக்குப் பலகை போதும்.

திருநகர்க் கிழவன்:

சனிக்கிழமை நானும் வரலாமா? பீடி கொண்டு வர மாட்டேன்.

நத்தம் ரோடு டீச்சர்:

வாருங்கள் ஐயா. பிள்ளைகளிடம் தோற்றால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பஜார் சால்டரிங்:

செக்கானூரணி அண்ணன், வரும்போது பலகையின் அடியில் இருக்கும் வில்லையைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். நடு பாசிட்டிவ் அடாப்டர் ஒன்று என் கடையில் கிடக்கிறது, வோல்ட் சரியாக இருந்தால் எடுத்துப் போங்கள். கட்டைக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.